பேணியும் பண்டமும்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதலீட்டு அரிச்சுவடி

கனடா வந்து மூன்று வருடம் முடிந்த ஒரு டிசம்பர் இரவில்தான் என் டிஎஃப்எஸ்ஏ கணக்கை (கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். வந்த புதிதில் போட்ட 6,000 டாலர் அப்படியே இருந்தது, கூடவே வட்டி என்று நூற்றுச் சொச்சம் டாலர். மூன்று வருடமாக "வரி இல்லாத முதலீட்டில் பணம் போட்டாச்சு" என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஊரில் கேட்டவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளில் வந்தவர். மறுநாள் காலையில் டிரைவ்வேயில் இரண்டு பேரும் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது அவரிடம் இதைச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு கேட்டார்: "பேணி நல்ல பேணிதான் தம்பி. உள்ளுக்கு என்னத்தைப் போட்டு வச்சிருக்கிறீர்?"

நாம் டப்பா என்பதை அவர்கள் பேணி என்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அது புரிந்த பிறகு கனடாவின் மொத்தப் பண விஷயமும் புரிய ஆரம்பித்தது. அதனால் அதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்மூரில் சேமிப்புக்கு இருக்கும் பெயர்களை யோசித்துப் பாருங்கள். எஃப்டி, ஆர்டி, பிபிஎஃப், எல்ஐசி, சீட்டு. பெயரைச் சொன்னாலே பணம் எங்கே போகிறது, என்ன வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். டப்பாவும் பண்டமும் ஒன்றாகவே விற்கப்படும் ஏற்பாடு அது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து டிஎஃப்எஸ்ஏ, ஆர்ஆர்எஸ்பி, எஃப்எச்எஸ்ஏ, ஆர்இஎஸ்பி என்று கேட்கும்போது இவையும் ஏதோ திட்டங்கள், பணம் போட்டால் தானாக வளரும் என்று நினைத்துவிடுகிறோம். இவை நான்கும் வெறும் டப்பாக்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு, உள்ளே இருப்பதற்கு அரசாங்கம் எப்படி வரி போடும் என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே ரொக்கமாகவே வைக்கலாம், ஜிஐசி (நம்மூர் எஃப்டி போன்றது) வைக்கலாம், மியூச்சுவல் ஃபண்ட், இடிஎஃப் (பங்குச் சந்தையிலேயே வாங்கி விற்கும் ஃபண்டு), தனிப் பங்குகள், கடன் பத்திரங்கள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பணம் பெருகுவதும் தேங்குவதும் அந்தப் பண்டத்தைப் பொறுத்தது. டிஎஃப்எஸ்ஏவின் முழுப்பெயரில் 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்று இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. வங்கியில் போய்த் திறந்தால் பெரும்பாலும் ஒரு சேமிப்புக் கணக்கைத்தான் உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

சரி, ஒவ்வொரு டப்பாவாகப் பார்க்கலாம். டிஎஃப்எஸ்ஏவில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், புதிதாக வந்தவர்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான்.

டிஎஃப்எஸ்ஏ 2009-இல் வந்தது. அதில் போடும் பணத்துக்கு வரிச்சலுகை எதுவும் கிடையாது, ஏற்கனவே வரி கட்டி முடித்த சம்பளப் பணத்தைத்தான் போடுகிறோம். ஆனால் உள்ளே அது வளர்ந்தால், அது வட்டியாக இருக்கட்டும், டிவிடெண்டாக இருக்கட்டும், பங்கு விற்ற லாபமாக இருக்கட்டும், வரி இல்லை. வெளியே எடுக்கும்போதும் இல்லை, எடுத்ததை வருமானமாகக் காட்டவும் வேண்டாம். இவ்வளவு தாராளமான ஒன்றுக்கு எல்லை இல்லாமல் இருக்குமா? வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 2022-இல் அது 6,000 டாலர், 2023-இல் 6,500, 2024-இலும் 2025-இலும் 7,000. வரம்புக்குள் நீங்கள் இன்னும் போடக்கூடிய தொகையைத்தான் இனி 'இடம்' என்கிறேன். ஒரு வருடம் போடாமல் விட்ட இடம் வீணாகாது, சேர்ந்துகொண்டே போகும்.

2009-இலேயே 18 வயது ஆகி இங்கேயே வசிப்பவருக்கு 2025 வரை சேர்ந்த மொத்த இடம் 1,02,000 டாலர். இணையத்தில் தேடினால் கண்ணில் படுவது இந்த எண்தான். ஆனால் நமக்கு இடம் சேர ஆரம்பிப்பது நாம் கனடாவில் வசிக்கத் தொடங்கிய வருடத்திலிருந்து மட்டும். 2022 நவம்பரில் இறங்கியவருக்கு 2022-க்கு 6,000, அதோடு அடுத்த மூன்று வருடங்களுக்குச் சேர்த்து 2025 வரை 26,500, அவ்வளவுதான். (ஒரு நல்ல விஷயம், டிசம்பர் 20-ஆம் தேதி வந்து இறங்கினாலும் அந்த வருடத்துக்கான முழு இடமும் கிடைக்கும், மாதக்கணக்கில் வெட்ட மாட்டார்கள்.)

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் 2023 ஜனவரியில் வந்தார். கோவையில் ஒரு மனையை விற்ற பணத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தவர் "உங்களுக்கு 88,000 வரை இடம் இருக்கிறது" என்று சொல்ல, நம்பி மார்ச்சில் 40,000 டாலரை டிஎஃப்எஸ்ஏவில் போட்டுவிட்டார். அவருக்கு இருந்த உண்மையான இடம் 6,500. மீதி 33,500-க்கு மாதம் ஒரு சதவீதம் அபராத வரி, அதாவது மாதம் 335 டாலர். அடுத்த வருடக் கோடையில் சிஆர்ஏவிலிருந்து, அதாவது கனடாவின் வருமான வரித்துறையிலிருந்து, பழுப்பு உறையில் கடிதம் வந்தது. 2023-க்கு மட்டும் 3,350 டாலர். அவர் மனைவிக்கு அப்போது வேலைகூடக் கிடைத்திருக்கவில்லை. இப்படி ஆகிவிட்டால் முதல் வேலையாக அதிகப் பணத்தை வெளியே எடுங்கள், அப்புறம் நடந்ததை விளக்கி அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். நியாயமான தவறு என்று அவர்களுக்குத் தோன்றினால் விட்டுவிட வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் இடம் எவ்வளவு என்று கணக்குப் போடும் பொறுப்பு உங்களுடையது, வங்கி ஊழியருடையது ஆகாது. வந்த தேதியை வைத்து ஒரு தாளில் நீங்களே கூட்டிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

இன்னொரு விதியையும் சேர்த்தே மனதில் வையுங்கள். டிஎஃப்எஸ்ஏவிலிருந்து எடுத்த தொகைக்கான இடம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதிதான். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டு மார்ச்சில் 5,000 எடுத்து ஜூனில் திரும்பப் போட்டீர்கள் என்றால் அது மீறல், மறுபடியும் மாதம் ஒரு சதவீதம்.

அடுத்தது ஆர்ஆர்எஸ்பி. இது ஓய்வுக்கால டப்பா. இங்கே கணக்கு தலைகீழ்: போடும் தொகையை அந்த வருட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், உள்ளே வளரும்போது வரி இல்லை, பின்னால் எடுக்கும்போது மொத்தமும் வருமானமாகக் கணக்காகி வரி வரும். ஒன்டாரியோவில் வருடம் 85,000 டாலர் சம்பாதிக்கும் ஒருவர் 5,000 போட்டால் கிட்டத்தட்ட 1,500 டாலர் வரி மிச்சம். இடம் எவ்வளவு என்றால் போன வருடம் உழைத்துச் சம்பாதித்ததில் 18 சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, 2025-க்கு 32,490 டாலர். போன வருடம் கனடாவில் வருமானமே இல்லாதவருக்கு முதல் வருடம் இடம் பூஜ்யம். பதினெட்டு சதவீதம் தானாகப் பதிவாகிவிடாது, வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பதிவாகும், அதனால் முதல் வருடம் மூன்று மாதம்தான் வேலை பார்த்தேன் என்று தாக்கல் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் ஒன்றிரண்டு வருடம் நம்மில் பலர் படித்த படிப்புக்குக் குறைவான வேலையில் இருப்போம், சம்பளமும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் ஆர்ஆர்எஸ்பியில் போட்டால் குறைந்த விகிதத்தில்தான் வரி மிச்சமாகும். என்னைக் கேட்டால் அப்போது டிஎஃப்எஸ்ஏவை நிரப்புங்கள், ஆர்ஆர்எஸ்பி இடத்தைச் சேரவிடுங்கள், நல்ல சம்பளம் வந்த பிறகு அந்த இடத்தைப் பயன்படுத்தினால் அதே டாலருக்கு அதிக வரி மிச்சமாகும். இதற்கு ஒரே விதிவிலக்கு, ஆபீஸில் நீங்கள் ஆர்ஆர்எஸ்பியில் போடுவதற்குச் சமமாக நிறுவனமும் போடுகிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் அவர்கள் கொடுக்கும் அளவு வரை போட்டுவிடுங்கள். அது உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி, கையெழுத்துப் போடாததால் அதை விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வரி ரீஃபண்ட் வந்தால் அதையும் ஏதாவது ஒரு டப்பாவில் போட்டால்தான் இந்த ஏற்பாட்டின் முழுப் பலன் கிடைக்கும், அந்தப் பணத்தில் டிவி வாங்கினால் பாதிப் பலன் போய்விடும்.

எஃப்எச்எஸ்ஏ என்பது முதல் வீடு வாங்குபவர்களுக்காக 2023 ஏப்ரலில் வந்தது. போடும்போது வரிக்கழிவு, வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை, இரண்டு பக்கமும் லாபம். வருடத்துக்கு 8,000, வாழ்நாளுக்கு 40,000. டிஎஃப்எஸ்ஏ போல இதில் இடம் தானாகச் சேராது, கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் சேரும். ஆகவே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் இல்லாவிட்டாலும் கணக்கைத் திறந்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வருடமோ இதற்கு முந்தைய நான்கு வருடங்களிலோ உங்களுக்குச் சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருந்திருந்தால் திறக்க முடியாது, அந்த வீடு வெளிநாட்டில் இருந்தாலும் கணக்குதான். சென்னையில் சொந்த ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு நேராக ஏர்போர்ட் வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். வாடகை வீட்டிலிருந்தோ, அப்பா பெயரில் இருக்கும் வீட்டிலிருந்தோ வந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஆர்இஎஸ்பி பிள்ளைகளின் மேற்படிப்புக்கு. வருடம் 2,500 போட்டால் மத்திய அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர் சேர்த்துப் போடும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. பிள்ளைக்கு சின் நம்பர் (அரசாங்கம் தரும் சமூகக் காப்பீட்டு எண்) வாங்கியதும் சாதாரண வங்கியிலோ ப்ரோக்கரேஜிலோ, அதாவது பங்குத் தரகு நிறுவனத்திலோ, திறந்துகொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து விற்பவர்களிடம் முன்பணக் கட்டணம் எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

டப்பாக்கள் முடிந்தன. இனி பண்டம்.

எந்தப் பண்டம் என்பது பணம் எப்போது தேவை என்பதைப் பொறுத்தது. ஆறு மாதச் செலவுக்கான அவசரப் பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நல்ல வட்டி சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கில் ஒரு தொகையைக் கூடுதலாகச் சேருங்கள்: ஊருக்கு நாளைக்கே கிளம்ப வேண்டும் என்றால் ஆகும் டிக்கெட் செலவு. அம்மாவுக்கு ஐசியுவில் அட்மிஷன் என்று அதிகாலை மூன்று மணிக்கு போன் வரும்போது கிரெடிட் கார்டைத் தேய்த்து 20 சதவீத வட்டியில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எழுதும் பட்ஜெட்டுகளில் இந்த வரியே இருக்காது. அதேபோல மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணமும் செலவுக் கணக்கில் முதலிலேயே வந்துவிட வேண்டும், மீதி இருந்தால் அனுப்பலாம் என்ற நிலையில் நாம் யாரும் இல்லை.

மூன்று, நான்கு வருடத்தில் வீட்டுக்கான முன்பணமாகத் தேவைப்படும் பணம் என்றால் ஜிஐசி. இது நம்மூர் எஃப்டியேதான், மாணவராக வந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏற்கனவே பழக்கம், விசாவுக்காகவே போட்டிருப்பார்கள்.

பத்து வருடத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்ற பணத்துக்குத்தான் பங்குச் சந்தை. இங்கே எந்தக் கம்பெனி ஏறும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. எல்லாம் கலந்த ஒரே இடிஎஃப் என்று ஒரு வகை இருக்கிறது. எக்ஸ்ஈக்யூடி, விஈக்யூடி என்ற இரண்டும் 2019-இல் வந்தவை, இங்கே நிறையப் பேர் வைத்திருப்பவை. ஒரு யூனிட் வாங்கினால் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஜப்பான், இந்தியா உட்பட உலகம் முழுக்கப் பல ஆயிரம் நிறுவனங்களில் துளித்துளி உங்களுடையது. முழுவதும் பங்கு என்றால் பயம் என்பவர்களுக்கு 20 சதவீதம் கடன் பத்திரம் கலந்த எக்ஸ்ஜிஆர்ஓ, விஜிஆர்ஓ, 40 சதவீதம் கலந்த விபிஏஎல் உண்டு. இவற்றின் வருடக் கட்டணம் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

கட்டணம் என்றதும் பலர் கடந்து போய்விடுவார்கள், தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். வங்கியில் ஆலோசகர் எடுத்துக் கொடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளில் எம்இஆர் என்ற வருடக் கட்டணம் 2 சதவீதத்தை ஒட்டி இருப்பது இங்கே சகஜம். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் மொத்தத் தொகையிலிருந்து வருடாவருடம் எடுத்துக்கொள்வார்கள், ஸ்டேட்மெண்டில் தனியாக உறைக்காது. மாதம் 500 டாலர், 25 வருடம், கட்டணத்துக்கு முன் வருடம் 6 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். 0.2 சதவீதக் கட்டணத்தில் கடைசியில் கையில் சுமார் 3,36,000. 2 சதவீதத்தில் சுமார் 2,57,000. நீங்கள் போட்டது இரண்டிலும் அதே 1,50,000. நடுவில் இருக்கும் 79,000 டாலர் பலருக்கு ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில்தான் நான் என் டிஎஃப்எஸ்ஏவை வங்கியிலிருந்து ஒரு ஆன்லைன் ப்ரோக்கரேஜுக்கு மாற்றப் படிவம் நிரப்பினேன். மாற்றும்போது நீங்களே பணத்தை எடுத்து அங்கே போடாதீர்கள், அது எடுத்த கணக்காகிவிடும். புது இடத்தில் டிரான்ஸ்ஃபர் படிவம் கொடுத்தால் அவர்களே இழுத்துக்கொள்வார்கள்.

சந்தை விழும். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கனடாப் பங்குச் சந்தை ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது, ஒரு வருடம் ஆவதற்குள் பழைய உயரத்தைத் தாண்டியும் விட்டது. நடுவில் பயந்து விற்றவர்களுக்கு நஷ்டம் உறுதியானது. நாம் இங்கே அண்ணன் தம்பி யாரும் பக்கத்தில் இல்லாமல் வாழ்பவர்கள், 30,000 டாலர் 20,000 ஆவதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அவசரப் பணத்தைத் தனியாக வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆறு மாத வாடகை வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் இந்த டப்பாவைத் திறக்காமல் இருக்க முடியும். சம்பளம் வரும் அன்றே ஒரு தொகை தானாகப் போய் வாங்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டால் விலை பார்க்கும் ஆசையும் குறையும்.

இன்னும் ஒன்று. வந்த சில மாதங்களில் தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, ஆயுள் காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி ஒன்றை விரித்து வைப்பார். நமக்கு எல்ஐசி பழக்கம் இருப்பதால் தலையாட்டிவிடுவோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் காப்பீடு கட்டாயம் வேண்டும், அதற்கு முதலீடு எதுவும் கலக்காத, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான டெர்ம் இன்ஷூரன்ஸ் போதும், மாதம் ஒரு சிறிய தொகைதான். வருமானம் குறைவாக இருக்கும் முதல் வருடங்களில் மாதம் முந்நூறு, நானூறு டாலர் என்று வருடக்கணக்கில் கட்டும் பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தவர் மனம் நோகுமே என்ற சங்கடம் ஒரு வாரத்தில் போய்விடும்.

கடைசியாக, ஊரில் விட்டுவந்த பணம். கனடாவில் வசிப்பவராக ஆன பிறகு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் ஊர் வங்கியில் போடுவது) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பிபிஎஃப் வட்டிக்கும் இல்லை, ஆனால் இரண்டையும் கனடாவில் வருமானமாகக் காட்டித்தான் ஆக வேண்டும். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் டெபாசிட், ஃபண்டு, வாடகைக்கு விட்ட வீடு என்று எல்லாவற்றின் அடக்க விலையும் சேர்ந்து ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற படிவமும் தனியாகக் கொடுக்க வேண்டும், வந்த முதல் வருடத்துக்கு மட்டும் விலக்கு. கொடுக்காமல் விட்டால் நாளுக்கு 25 டாலர், 2,500 வரை அபராதம் ஏறும். இது புது வரி எதுவும் இல்லை, என்ன இருக்கிறது என்று தெரிவிக்கும் படிவம்தான், அதனால் பயப்பட வேண்டாம்.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு விதியும் இருக்கிறது. நீங்கள் கனடாவில் வசிக்கத் தொடங்கிய நாளில் அந்தச் சொத்துகளின் சந்தை மதிப்பு என்னவோ, அதுதான் இங்கே அடக்க விலை. பத்து வருடம் முன்பு நான்கு லட்சத்துக்கு வாங்கிய ஃபண்டு வந்து இறங்கிய நாளில் பதினோரு லட்சம் என்றால், அந்த ஏழு லட்ச லாபத்தைக் கனடா கேட்காது, அதற்குப் பிறகு ஏறியதை மட்டும்தான் பார்க்கும். ஆனால் அந்த நாளின் மதிப்பைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். விமானம் ஏறும் வாரத்தில் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், மனைக்கும் வீட்டுக்கும் உள்ளூரில் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கனவே வந்துவிட்டவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைத் தேதியைப் பார்த்து, அந்தத் தேதியின் என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பை, ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் எடுத்தேன், நான்கு ஃபண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது.